வலது பக்கம், மூன்றாவது படகு

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கே உங்கள் ஏரிக்கரை வீட்டில் நான், உங்கள் அத்தை, உங்கள் படகு ஆகிய மூவரும் சௌக்கியம். அங்கே மலைமேல் நீங்களும் நம் பெண்ணும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சுரங்கம் தோண்டும் இடத்தில் போன் எடுக்காது, வாரம் ஒருமுறை சாமான் வண்டியில்தான் கடிதம் வரும் என்று நீங்கள் சொல்லிப் போனதால், இருபத்திரண்டு நாள் விஷயத்தையும் ஒரே மூச்சில் எழுதுகிறேன். உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படகுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கும், நான்தான் ஆக விடவில்லை.

நீங்கள் புறப்பட்ட அன்று வண்டிக்காரர் ஹாரன் மேல் ஹாரன் அடிக்க, தோளில் பையோடு வாசல்படியில் ஏரிக்கு முதுகைக் காட்டி நின்று, கையைத் தூக்கி, "மாமா, வலது பக்கம் மூணாவது படகு, நீலம். கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று சொன்னீர்களே, அந்த வார்த்தையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓய்வு பெற்ற இந்த ஒன்பது மாதத்தில் யாரும் என்னிடம் எதையும் ஒப்படைத்ததில்லை. உங்கள் அத்தை அடுப்பில் இருக்கும் பாலைக்கூட என்னை நம்பி விட்டுப் போவதில்லை. நானோ பார்சல் ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் பொட்டலம் கட்டியவன், நான் கட்டியது வழியில் அவிழ்ந்தது என்று ஒரு புகார் வந்தது கிடையாது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் அடுக்களையில் நம் பெண்ணிடம், "உங்க அப்பாவுக்கு எதையும் சும்மா விடத் தெரியாது. அவங்க ரெண்டு பேரும் இங்கேயே வந்து இருக்கிறதைப் பத்தி நாம திரும்பி வந்து பேசிக்கலாம்" என்று சொன்னது, தண்ணீர் குடிக்க வந்த என் காதில் விழுந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. இல்லை என்றுதான் எழுத உட்கார்ந்தேன், எழுதும்போதுதான் இருக்கிறது என்று தெரிகிறது. எங்கள் மாடிவீட்டுப் படிகளை என் முழங்கால் இனிமேல் ஏறாது. உங்கள் அத்தையோ பின்னறை ஜன்னலோரத்தில் தையல் மிஷினுக்கு இடம் அளந்தே வைத்துவிட்டாள். ஆகவே நீங்கள் அந்தப் பேச்சைப் பேச உட்காரும்போது என் தரப்பில் இந்தப் படகு சாட்சி சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கரைக்குப் போய், துறைக்கு வலது பக்கம் மூன்றாவதாக நின்ற நீலப் படகைக் கண்டுபிடித்தேன். முட்டிவலி மாத்திரை வேலை செய்ய எட்டு மணி ஆகிவிடுகிறது. போய்ப் பார்த்தால் கயிறு தொளதொளவென்று தண்ணீரில் கிடக்கிறது. உங்களைக் குறை சொல்லவில்லை, அவசரத்தில் கிளம்பினீர்கள். பொட்டலத்தில் தொய்வு இருந்தால் உள்ளே சாமான் ஆடும், ஆடினால் உடையும், இது பார்சல் ஆபீஸில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கயிற்றை இழுத்துச் சுருக்கி, நங்கூரம் படகின் மூக்குக்கு நேர் கீழே நிற்கிற மாதிரி விறைப்பாகக் கட்டிவிட்டு வந்தேன். மத்தியானம் வரைக்கும் மலைப்பக்கமிருந்து அடித்துக்கொண்டிருந்த காற்று திடீரென்று திரும்பி ஊர்ப்பக்கமிருந்து அடித்தது. படகு ஒரு தடவை எம்பியது, நங்கூரத்தைப் பிடுங்கிக்கொண்டு நடந்தே போய்க் கோரைப்புல்லுக்குள் நுழைந்துகொண்டது. இழுத்து வருவதற்குள் என் செருப்பில் ஒன்று சேற்றுக்குள் போய்விட்டது. மூக்கில் கட்டினால்தானே பிடுங்குகிறது என்று அடுத்த நாள் பின்பக்கம் கட்டினேன். பின்பக்கம் தாழ்வு என்பதை அலைதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. உங்கள் குளியலறைக் குவளையால் ஒன்றரை மணி நேரம் தண்ணீரை இறைத்து ஊற்றினேன். குவளைக்கு இப்போது கைப்பிடி இல்லை.

துறைக்கு எதிரே தூண்டில் கடை வைத்திருக்கும் அம்மாவிடம் யோசனை கேட்டேன். நம் பெண் வயதுதான் இருக்கும், ஆனால் பேச்சில் என் பழைய மேலதிகாரி தோற்றுப்போவார். "ஐயா, ஆழம் ஒரு பங்குன்னா கயிறு ஏழு பங்கு விடணும். கயிறு நீளமா இருந்தாத்தான் நங்கூரம் அடியில படுத்துக்கும், படுத்தாத்தான் பிடிக்கும். நீங்க அதைப் படுக்கவே விடாம எழுப்பி எழுப்பி விடுறீங்க" என்றாள். ஏழு பங்கு விட்டால் படகு ஏரி முழுக்க ஊர்வலம் போகாதா என்றேன். "போகட்டுமே. காத்து எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் அதுவும் திரும்பும். திரும்பட்டும்னு விட்டுட்டு வீட்டுக்குப் போங்க" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. நாலு பங்கு விட்டேன். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்ததும் நாலு ஜாஸ்தி என்று பட்டது. எழுந்து போய் மூன்றாக்கினேன். சாப்பிட்டு முடித்ததும் மூன்று குறைச்சலோ என்று பட்டது. இதற்கு ஒரு வழி வேண்டுமே என்று உங்கள் மொட்டைமாடிக் கொடிக்கம்பத்தில் என் பனியனைக் கட்டித் தொங்கவிட்டேன். சாப்பாட்டு மேஜையிலிருந்தே பனியன் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்க்கலாம். அது முதல் உங்கள் அத்தை எனக்குப் பரிமாறுவதை நிறுத்திவிட்டாள், பாத்திரத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, "பனியன் அனுமதிச்சா சாப்பிடுங்க" என்று போய்விடுகிறாள்.

இனிமேல் எழுதப்போவதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். இந்த ஏரிக் காற்று சாதாரணக் காற்று இல்லை. நான் சாயங்காலம் போட்ட முடிச்சு காலையில் அவிழ்ந்திருக்கிறது, தினமும். அவிழ்ந்து அலங்கோலமாகக் கிடந்தால் சரி என்று விடலாம். கயிறு வட்டவட்டமாகச் சுருட்டி, படகின் மூக்கில் அழகாக வைக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு ஒழுங்கான காற்றை நான் எங்கும் பார்த்ததில்லை. ஒருநாள் துடுப்புகள் இடம் மாறியிருந்தன. இன்னொரு நாள் குறுக்குப் பலகைக்கு அடியில் முழங்கை நீளத்துக்கு ஒரு மீன் துடித்துக்கொண்டிருந்தது. தண்ணீரிலிருந்து மீனையே தூக்கி உள்ளே போடுகிற காற்று என்றால் அதன் பலத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். உங்கள் அத்தை அதைப் பொரித்தாள், நன்றாகவே இருந்தது.

ஒரு நங்கூரம் போதாது, காற்று இரண்டு பக்கமிருந்து வருவதால் நங்கூரமும் இரண்டு பக்கம் வேண்டும் என்று பத்தாவது நாள் தீர்மானித்தேன். இரண்டாவது நங்கூரத்துக்கு எங்கே போவது. உங்கள் அறைக் கட்டிலுக்கு அடியில் நீங்கள் உடற்பயிற்சி செய்யும் டம்பெல் இரண்டு தூசி படிந்து கிடந்தன. தூசியைப் பார்த்ததும் தப்பாக நினைக்க மாட்டீர்கள் என்று ஒன்றை எடுத்துக்கொண்டேன். இடது பக்கம் நங்கூரம், வலது பக்கம் டம்பெல், நடுவில் படகு அசையாமல் நின்றது. அன்று காற்று ஒரு பக்கமும் நிலைக்காமல் சுற்றிச் சுற்றி அடித்தது, படகும் கூடவே சுற்றியது, இரண்டு கயிறும் ஒன்றோடொன்று பின்னி ஜடையாகிவிட்டன. நான் ஒரு பக்கம் அவிழ்க்க மறுபக்கம் இறுகியது. கடைசியில் நம் பெண்ணுக்குப் பன்னிரண்டு வருஷம் தலை பின்னிய கை என்பதால் உங்கள் அத்தையே புடவையைச் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள். அவிழ்த்துக் கொடுத்துவிட்டு என்னோடு மூன்று நாள் பேசவில்லை. அந்த அமளியில் டம்பெல் கயிற்றிலிருந்து நழுவி ஏரிக்குள் போய்விட்டது. மற்றது பத்திரமாக இருக்கிறது.

பிறகு இந்தத் தொப்பிக்காரர் விஷயம். இங்கே ஒரு மனிதர் தினமும் மத்தியானம் வாளியும் தூண்டிலுமாகக் கரைப் பெஞ்சில் வந்து உட்காருகிறார். தூண்டிலைத் தண்ணீரில் போடுவதே இல்லை, கண்ணை எடுக்காமல் என்னையே பார்க்கிறார். நான் தண்ணீரில் இறங்கினால் எழுந்து நிற்கிறார், ஏறினால் உட்காருகிறார். ஆசாமிக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது. மரியாதைக்கு, "காத்து ஜாஸ்தியா இருக்குங்க" என்றேன். "காத்து எப்பவும் போலத்தான் இருக்குங்க. ஆள்தான் ஒண்ணு ஜாஸ்தி" என்றார். புரியவில்லை. கரையில் கட்டினால் பலமாக இருக்குமே என்று துறைக் கம்பத்தில் ஒரு கயிறு கட்டினேன். மறுநாள் கம்பத்தில் ஒரு காகிதம், 'தயவுசெய்து கட்டாதீர்கள்' என்று. கம்பம் உளுத்திருக்கும் என்று புரிந்துகொண்டு அவருடைய பெஞ்சின் காலில் மாற்றிக் கட்டினேன். கயிறு நடைபாதைக்குக் குறுக்கே போனதை நான் கவனிக்கவில்லை. காலையில் வேகமாக நடக்கும் ஒரு அம்மாள் கவனிக்காமல் வந்து விழுந்தார். அடி இல்லை, ஆனால் அவர் என்னைத் திட்டியதில் பாதி நான் இங்கே எழுதக்கூடியது இல்லை.

இத்தனைக்கும் முடிவாக நேற்று மாலை ஒரே தீர்வாகச் செய்துவிட்டேன். நாலு மூலைக்கு நாலு கயிறு, நாலு கல், கயிற்றுக்கு நாலு முடிச்சு, எல்லாம் பார்சல் ஆபீஸ் முடிச்சு. இன்று காலை போய்ப் பார்த்தேன். முதல் தடவையாக ஒரு முடிச்சும் அவிழவில்லை. காற்று அடிக்கிறது, பனியன் பறக்கிறது, படகு இம்மியும் அசையவில்லை. மாப்பிள்ளை, எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீங்கள் விட்டுப்போன இடத்தில் விட்டுப்போன மாதிரியே உங்கள் படகு இருக்கிறது. எனக்கு எதையும் சும்மா விடத் தெரியாது என்றீர்கள். சும்மா விட்டிருந்தால் இன்று படகு இருந்திருக்குமா என்பதை மட்டும் நீங்கள் நம் பெண்ணோடு உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

நீங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு, மலைக்காற்றுக்குக் காதை மூடிக்கொண்டு, ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். நம் பெண்ணுக்கு எங்கள் ஆசிகள். குவளை விஷயம் அவளுக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் படகின் பொறுப்பில் இருக்கும்
மாமா

பின்குறிப்பு: இதை உறையின் வெளிப்பக்கம் எழுதுகிறேன். கடிதத்தை உள்ளே வைத்து ஒட்டிவிட்டேன், ஒட்டியதைப் பிரிப்பதில்லை என்பது முப்பத்தொரு வருஷப் பழக்கம். தபால்காரர் படித்தால் படித்துக்கொள்ளட்டும்.

பசை காய்வதற்குள் கதவு தட்டப்பட்டது. தொப்பிக்காரர். ஒரு கையில் உங்கள் டம்பெல், மறுகையில் என் செருப்பு. "ஐயா, பதினாறு முடிச்சு. என்னால இதுக்கு மேல முடியலைங்க. நீங்களே வந்து அவிழ்த்து விடுங்க, நான் மீன் பிடிக்கப் போகணும்" என்றார். உங்கள் படகில் நீங்கள் ஏன் போகிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன், வாக்கியம் எனக்கே சரியாக வரவில்லை. அவர் வாசல்படியில் ஏரிக்கு முதுகைக் காட்டி நின்று, நீங்கள் அன்று தூக்கின மாதிரியே வலது கையைத் தூக்கினார். அது எனக்கு இடது பக்கம். உங்கள் வலதா என் வலதா என்று அன்றே கேட்டிருக்கலாம், புறப்படுகிற மாப்பிள்ளையை நிறுத்திக் கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று விட்டேன். இடது பக்கம் மூன்றாவதும் நீலம்தான். நான் இத்தனை நாள் கட்டியது அவருடைய படகு, நீங்கள் அடித்தது போக மீதி பெயின்டைத்தான் அவருக்குக் கொடுத்தீர்களாம். உங்கள் படகு இருபத்திரண்டு நாளாக ஒரே நங்கூரத்தில், தொளதொளவென்று நீளக் கயிற்றில், காற்று திரும்பின பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டு அங்கேயே நிற்கிறது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. யாரும் தொடவில்லை.

முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றேன். "சொல்லத்தான் தினமும் வந்தேன். நீங்க அவ்வளவு ஆசையா வேலை பார்த்துக்கிட்டு இருந்தீங்க. அதோட உங்க மருமகன் போகும்போது எங்கிட்ட சொல்லிட்டுப் போனாரு. மாமாவுக்கு நீச்சல் தெரியாது, தண்ணிப் பக்கம் போனா கொஞ்சம் பார்த்துக்குங்கன்னு" என்றார். என்னைப் பார்த்துக்கொள்ளத்தான் அந்த மனிதர் தூண்டில் போடாமல் இருபத்திரண்டு மத்தியானம் உட்கார்ந்திருக்கிறார். விடியற்காலையில் என் முடிச்சுகளை அவிழ்த்து மீன் பிடித்துவிட்டு வந்து, மாலையில் என்னைக் கட்ட விட்டிருக்கிறார். அவருடைய மீனை வேறு நாங்கள் சாப்பிட்டிருக்கிறோம். உங்கள் அத்தை சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாப்பிள்ளை பார்த்துக்கச் சொன்னது, பார்த்துக்கிட்டு இருக்கத்தான்" என்றாள்.

அடுக்களையில் நீங்கள் சொன்னது சரி. தங்குவதைப் பற்றி உங்கள் முடிவு எதுவானாலும் எனக்குச் சம்மதம். தையல் மிஷின் அளவை மட்டும் உங்கள் அத்தை அழிக்க மாட்டேன் என்கிறாள்.

இப்போது உங்கள் நிஜப் படகுக்கு எதிரே கரையில் உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் தொப்பிக்காரர். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்திருந்தேன், இதை எழுத ஒன்றை மட்டும் வெளியே எடுத்திருக்கிறேன். காற்று மாறுகிறது. படகும் மெதுவாகத் திரும்புகிறது. நான் எழுந்திருக்கவில்லை, அவரைக் கேட்டாலும் சொல்வார். உறையில் இடமும் முடிந்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் மாப்பிள்ளை, கயிறு மட்டும் கொஞ்சம் நீளமாக இருக்கிற மாதிரி படுகிறது.