குவைத்து வீட்டின் முன்வாசல்

"ராவுத்தரம்மா, வாசக்கால எங்க நிறுத்தறதுன்னு இன்னிக்காவது சொல்லுங்க," என்றார் கொத்தனார் அரசப்பன். "தேக்கு மரம் மழையில நனைஞ்சுக்கிட்டே கெடக்கு."

நஃபீசாவுக்குத் தெரிந்தால்தானே சொல்வாள்.

அவள் கணவன் காதர் மைதீன் குவைத்தில் மேனேஜர். கம்பெனி தனக்குக் கொடுத்திருக்கும் வீட்டைப் போலவே திருவாரூர் பக்கத்தில் ஒரு வீடு கட்டச் சொல்லியிருந்தான். பிளான் என்று காகிதம் எதுவும் கிடையாது. ஊருக்கு வருகிறவர்களிடம் கேசட்டில் பேசிக் கொடுத்தனுப்புவான். நஃபீசா டேப்ரிக்கார்டரைச் செங்கல் அடுக்கின் மேல் வைத்துப் போடுவாள். அரசப்பன் காதில் செருகிய பென்சிலை எடுத்துவிட்டுக் கேட்பார், கேட்டபடி சுவர் எழுப்புவார்.

"நான் சொன்னதுல ஒரு அங்குலம் மாத்தக் கூடாது. வீடு முடிஞ்சதும் வேலைய விட்டுட்டு வந்துடுவேன்," என்று ஒவ்வொரு கேசட்டின் கடைசியிலும் சொல்வான். அந்தக் கடைசி வரிக்காகத்தான் அவள் டேப்பைத் திரும்பத் திரும்பச் சுற்றினாள். கல்யாணமாகி அவனோடு இருந்ததைவிட அவன் குரலோடு இருந்ததுதான் அதிகம்.

சமையற்கட்டைப் பற்றி அவன் சொன்னதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கழுவுகிற தொட்டி இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும், குனிந்தால் முதுகு போய்விடும். பக்கத்தில் இரண்டு ஸ்டோர் ரூம். பின்னால் துணி துவைக்கும் இடம். அதற்கும் பின்னால் உயரத்தில் ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை. "அதுதான் நம்ம ரூம்," என்றான். சமையற்கட்டுச் சுவரில் ஒரு மணி. கூடத்தில் பொத்தானை அழுத்தினால் அது அடிக்க வேண்டும்.

"கூடத்துலேர்ந்து வாயால கூப்புட்டா ஆவாதா?" என்றாள் மாமியார் கமருன்னிஸா. "நம்ம வீட்டுல யாருக்குக் காது கேக்கல?"

"மேனேஜர் வீடுன்னா மணி அடிச்சுத்தான் கூப்புடுவாங்க மாமி."

கூடத்தைப் பற்றி, "பெரிசா இருக்கும்," என்று மட்டும் சொன்னான். முன்வாசலைப் பற்றி அதுவும் இல்லை. வாசல் எந்தத் திசை, எத்தனை படி என்று அவள் கேசட்டில் கேட்டு அனுப்பினாள். போன கேசட்டுக்குப் பதில் வருவதற்குள் வயலில் குறுவை அறுப்பே முடிந்துவிட்டது. "வாசலுக்கு இப்ப என்ன அவசரம்? சமையக்கட்டுத் தரைக்கு வழுக்காத கல்லாப் போடச் சொல்லு. எண்ணெய் சிந்துனா வழுக்கும்," என்றது பதில்.

அரசப்பன் பொறுத்துப் பார்த்தார். பிறகு பக்கத்து ஊர் மிராசுதார் வீட்டைப் பார்த்துவிட்டு வந்து, முன்னால் தூண்களை நிறுத்தினார்.

"தூண் பாத்த ஞாபகம் இல்லையே," என்றது அடுத்த கேசட்.

"குடியிருக்கற வீட்டுல தூண் இருக்கா இல்லையான்னு ஞாபகம் இல்லையா?" என்றார் அரசப்பன்.

"அவங்களுக்கு வேல ஜாஸ்தி," என்றாள் நஃபீசா. தூண்களை இடிக்கச் சொன்னாள்.

அடுத்து டவுன் சினிமாக் கொட்டகையைப் போல வளைவு வைத்தார்கள். "வளைவு இருந்தாலும் இருக்கும். விசாரிச்சுச் சொல்றேன்," என்று வந்தது. யாரிடம் விசாரிப்பான் என்று அவளுக்கும் புரியவில்லை. ஆனால் ஒரு அங்குலம் தப்பினாலும் அவன் வராமலே இருந்துவிடுவானோ என்ற பயம் அவளுக்கு. வளைவையும் இடித்தாள். இடித்த வேகத்தில் முன்சுவரும் சேர்ந்து விழுந்தது.

விழுந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேம்பு.

அந்த மனை ஒரு காலத்தில் வயல். நில உச்சவரம்புக்குப் பயந்து பண்ணையார் அதைத் துண்டு போட்டு விற்றார். வேம்பு அங்கே குத்தகைக்குப் பயிர் செய்தவர். வரப்பில் செங்கொடி நட்டு, சங்கத்து ஆட்களைக் கூட்டி வந்து, போலீஸ் அடியும் வாங்கி, கடைசியில் மனசில்லாமல் விட்டுக் கொடுத்தவர். சுவர் விழுந்த மறுநாள் மாட்டை ஓட்டி வந்து கூடத்தில் கட்டினார்.

"இது வீடு வேம்பண்ணே," என்றாள் நஃபீசா.

"வாசல் எங்கம்மா?"

அவள் விழுந்து கிடந்த முன்சுவரைப் பார்த்தாள்.

"வாசல் இல்லன்னா அது வீடு இல்ல, நஞ்சை. நஞ்சைன்னா நான் குத்தகைதாரன். தாசில்தாரக் கூட்டியாரேன். அவரே வாசல் வழியா உள்ள நுழைஞ்சு காட்டட்டும்."

பேச்சுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர். மனு எழுதவும் ஆள் பார்த்துவிட்டார். மனை போனால் வீடு ஏது, வீடு இல்லாமல் அவன் வருவது ஏது? மாமி வேம்புவை வாய்க்கு வந்தபடி ஏசினாள். நஃபீசாவுக்கு ஏச வரவில்லை. அந்த மாடாவது பொழுது சாய்ந்தால் இந்த வீட்டுக்கு வந்து சேர்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் ஜெய்னுலாபுதீன் வந்தார். காதர் மைதீனோடு ஒரே இடத்தில் வேலை, லீவில் ஊருக்கு வந்தவர். உதவி மேனேஜராக இருப்பார் என்று நினைத்து மாமி சமையற்கட்டில் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ கொடுத்தாள். மனிதர் கூடத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், யாரும் சொல்லாமலே பின்பக்கமாகச் சுற்றி உள்ளே வந்திருந்தார்.

தொட்டியைத் தொட்டுப் பார்த்தார். ஸ்டோர் ரூமைத் திறந்து பார்த்தார். சின்ன அறையில் நின்று ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்.

"அச்சு அசலா அதே வீடு தங்கச்சி. காதர் அண்ணன் கண்ண மூடிக்கிட்டு இங்க நடப்பாரு."

பல மாதங்களுக்குப் பிறகு நஃபீசாவின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

வந்தவருக்கு வேலையைக் காட்டுவோம் என்று அரசப்பன் கூடத்துக்குப் போய், மாட்டைத் தள்ளிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். சமையற்கட்டில் மணி அடித்தது. ஜெய்னுலாபுதீன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடுப்பு மேடை வரைக்கும் போய்விட்டார். அப்புறம்தான் நின்றார்.

"பழக்கம்," என்று சிரித்தார்.

நஃபீசா அதைக் கவனிக்கவில்லை. அவள் கவனம் முழுவதும் ஒரே கேள்வியில் இருந்தது.

"அண்ணே, அந்த வீட்ட நேர்ல பாத்தவங்க ஊருல நீங்க ஒருத்தர்தான். முன்வாசல் எப்படி இருக்கும்னு சொல்லிடுங்க. கொத்தனார் நாளைக்கே வச்சிருவாரு. வீடு முடிஞ்சா அவங்களும் வந்துடுவாங்க."

மாமியும் கொத்தனாரும் பக்கத்தில் வந்து நின்றார்கள். மாட்டை அவிழ்க்க வந்த வேம்புவும் கயிற்றோடு நின்றார்.

ஜெய்னுலாபுதீன் அவளைப் புரியாமல் பார்த்தார்.

"முன்வாசலா? சமையக்காரங்கள யாரு தங்கச்சி அந்தப் பக்கம் விட்டாங்க?"