மதுவம் வளர்த்த ஸேர்

விளக்கர் என்றோர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். மணி என்ன என்று கேட்டால் பூமி சுழல்வதிலிருந்து தொடங்குவார். தேத்தண்ணிக்குச் சீனி போதுமா என்றால் கரும்புத் தோட்டத்துக்கே போய்விடுவார். "ஓம்", "இல்லை" என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னதாகச் சரித்திரமே இல்லை. வீட்டிலுள்ளவர்கள் என்ன செய்வார்கள்? கேள்வி கேட்பதையே விட்டுவிடுவார்கள்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்த விஞ்ஞான ஆசிரியர் கலீலுர் றஹ்மானின் மனைவி ஜெஸ்மினும் அப்படித்தான் விட்டாள். வீட்டுக்காரர் ஸைனுலாப்தீன் ஹாஜியாருக்கு அது தெரியாது. இன்னொரு வருடம் இருக்கச் சொல்ல வந்தவர், குளிர்ந்த தண்ணீர் கேட்டார். ஜெஸ்மின் பிரிட்ஜைத் திறந்தாள். உள்ளே, பள்ளிக்கூடக் கண்காட்சிக்காக ஆசிரியர் வளர்க்கும் சரக்கு, ஒரு போத்தல் நிறையச் சிவப்பாக.

"என்ன ஸேர் அது?"

எண்ணெய் என்று சொல்லியிருந்தால் கதை முடிந்தது. ஆனால் ஈஸ்ட்டுக்குப் பாடப்புத்தகம் வைத்த பெயரல்லவா வந்தது!

"மதுவம், ஹாஜியார்."

"மதுவா?"

ஜெஸ்மின் பிரிட்ஜைப் படாரென்று மூடினாள். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட இதைவிட்டால் வேறு வீடு ஏது? ஆசிரியரோ உற்சாகத்தின் உச்சியில் இருந்தார்.

"சீனி தாராளமாப் போடணும், ஹாஜியார். நைதரசன மட்டும் குறைக்கணும். அப்ப இதால வளர ஏலாது. ஆனா தின்னுறத விடாது. மிஞ்சின சீனிய எண்ணெயாக்கி உடம்புக்குள்ள துளித்துளியாச் சேத்து வைக்கும். பசி வந்தா அதையே எடுத்துத் தின்னும்."

ஹாஜியாரின் காதில் மதுவுக்குப் பிறகு ஒன்றும் ஏறவில்லை. கதிரையை விட்டு எழுந்தார்.

"அது எண்ணெய் எடுக்கிற பூஞ்சணம், ஹாஜியார். குடிக்கிற சாமான் இல்ல" என்றாள் ஜெஸ்மின் ஒரே மூச்சில்.

"அவ்வளவுதானா மகள்? அத முதல்லயே சொல்லியிருக்கலாமே." ஹாஜியார் சிரித்தபடி மறுபடி உட்கார்ந்தார். ஜெஸ்மின் அவர் கேட்ட தண்ணீரை நீட்டினாள்.

கலீலுர் றஹ்மான் தொண்டையைச் செருமினார்.

"அப்படி ஒரேயடியாச் சொல்லவும் ஏலாது. சாராயத்துக்குப் போடுறதும் இதுக்குச் சொந்தக்காரன்தான்..."

இப்போது அவர்கள் தூரத்திலுள்ள குறிஞ்சாக்கேணியில், வேறொரு வாடகை வீட்டில் இருக்கிறார்கள். பிள்ளைகள் விடிய எழும்பி பஸ் பிடிக்கிறார்கள். போத்தலும் கூடவே போனது.

"உங்களுக்கும் அதுக்கும் ஒரே குணம்" என்கிறாள் ஜெஸ்மின். "ஆரும் கேள்வி கேக்காத நாளில விளக்கத்த உள்ளுக்குச் சேத்து வைக்கிறீங்க."

அந்த ஒப்பீடு ஏன் பிழை என்று அவர் இன்னும் விளக்கிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஜெஸ்மின் அதைப் பூஞ்சணம் என்றபோது, மதுவம் எப்படிப் பூஞ்சணமாகும் என்று ஒருதரம் திருத்த வாய் துடித்ததே, அது யாருடைய வாய்? அதிருக்கட்டும், நீங்கள் இருப்பது சொந்த வீடா, வாடகை வீடா?