மூடு

தான் பிரித்து மாட்டிய வண்டி ஓடாதபோது சிலர் முதலில் கையைத் துடைப்பார்கள். நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பா கன்னையாவிடம் இதை இருபது வருடமாகப் பார்க்கிறேன். கை சுத்தமாகத்தான் இருக்கும். துடைப்பார்.

இந்த இனத்தை நீங்களும் அறிவீர்கள். ரேடியோ, மிக்சி, மோட்டார் என்று எதையும் பிரிப்பார்கள், பழைய செய்தித்தாளில் பரப்புவார்கள், மெக்கானிக்குகளின் அறியாமையைப் பற்றித் தெருவுக்கே பாடம் நடத்தியபடி திரும்ப மாட்டுவார்கள். மூடியதை மட்டும் மறுபடி திறக்க மாட்டார்கள். திறந்தால் மரியாதை என்ன ஆவது?

சத்தியவேட்டுப் பக்கம் புதிதாக வந்த கம்பெனியில் எனக்குப் பத்து மணிக்கு இன்டர்வியூ. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி பஸ்ஸில் போவதா என்று, நைனா விடிந்ததுமே பைக்கின் கிளட்சைப் பிரித்தார். திரும்ப மாட்டும்போது, எண்ணெயில் ஊறிய நான்கு பிளேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் பக்கத்து வீட்டு ரங்கையா, தெலுங்குக்காரர். மூன்றாவதைக் கொடுத்துவிட்டு எண்ணிச் சொன்னார்: "மூடு."

தெலுங்கில் அது மூன்று. நைனாவுக்குத் தெலுங்கு தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அவசரத்தில் நமக்குத் தோதான மொழிதானே காதில் விழும்? மூடிவிட்டார்.

"அண்ணா, இங்கா ஒகட்டி உந்தி!" இன்னும் ஒன்று இருக்கிறது என்று ரங்கையா நான்காவதைத் தூக்கிக் காட்டினார்.

"அது ஸ்பேருப்பா. கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ரா குடுத்துக்கிறான்."

உதைத்தார். கியர் போட்டார். எஞ்சின் கத்தியது, சக்கரம் அசையவில்லை.

"கேபிள்தான்." கையைத் துடைத்தார். முடுக்கினார். அசையவில்லை. "ஆயில் சரியில்ல."

"நைனா, அந்த பிளேட்டு..."

"படிச்சிட்டா எல்லாம் தெரிஞ்சிடுமா? ஏறிக் குந்து, வெயிட்டு பத்தல."

குந்தினேன். மணி ஒன்பதே முக்கால்.

"நேனு மூடு அனி லெக்க..." மூன்று என்று எண்ணியதை ரங்கையா விளக்க ஆரம்பித்தார்.

"நீதான்டா மூடுன்ன! மூடச் சொல்லிக்கினு இப்ப பேச வந்துட்டான்."

கடைசியில் ரங்கையாவே மூடியைக் கழற்றி நான்காவது பிளேட்டை உள்ளே வைத்தார். வண்டி கிளம்பியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் லேட்?" என்றார் அங்கிருந்த அதிகாரி.

"பஸ் பிரேக்டவுன் சார்," என்றேன், கையில் பைக் சாவியோடு.

கிடைக்க இருந்த வேலை கைநழுவிப் போனது. அன்றுதான் எனக்குச் சந்தேகம் வந்தது, இந்த இனம் ரத்தத்தில் வருமோ என்று. சிரிக்கிறீர்களா? நீங்கள் கடைசியாகப் பழி போட்ட பஸ் உண்மையிலேயே நின்றதா?

ரங்கையா இப்போதெல்லாம் நைனா முன்னால் விரல் காட்டித்தான் எண்ணுகிறார். "தப்பு என்னுது" என்று நைனா அவரிடம் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி. பழி அவர்மேல் விழுந்தபோது கூடவே இருந்தும் அவருக்காக வாய் திறக்காத நான் சொல்ல வேண்டியதும்.