நடுக்கதவுப் பூட்டு பற்றி

சேலையூர்,
14-5-1996

மதிப்பிற்குரிய ஹவுஸ் ஓனர் ஜீவரத்தினம் சார் அவர்களுக்கு,

உங்கள் பின்போர்ஷனில் குடியிருக்கும் அசரியா வணக்கத்துடன் எழுதுவது. கோயம்புத்தூரில் மகன் வீட்டில் நீங்கள் சுகமாயிருக்கக் கர்த்தரை வேண்டுகிறோம். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் தலைக்கு மேல் கூரை இல்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கேம்ப் ரோடு பக்கமிருந்து ஒரு சுழல்காற்று வந்தது. புழுதியும் குப்பையும் பனைமர உயரத்துக்குச் சுற்ற, லாரி மாதிரி உறுமிக்கொண்டு வந்து, எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் நான்கையும் தூக்கிக்கொண்டு போனது. பக்கத்துப் போர்ஷன் கேசவன் அண்ணன் கொடியில் போட்ட லுங்கிகூட அசையவில்லை. ஷீட் பறக்கக்கூடாதென்று அப்பா இருந்தபோது மேலே ஏற்றிவைத்த உடைந்த அம்மிக்கல் மட்டும் பறக்காமல் நேரே கட்டில்மேல் விழுந்தது. அம்மா மத்தியானம் படுக்கும் கட்டில் சார். காற்றைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில், உங்கள் வீட்டுக்குள் போகும் நடுக்கதவைத் தட்ட ஓடியதால் பிழைத்தாள். கதவில் பூட்டு. உள்ளே காங்கிரீட் போட்ட மூன்று அறை காலி, வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அம்மா குனிந்துகொண்டிருக்கிறாள். இது என்ன நியாயம்? ஜன்னலை விட்டு விலகி நடு அறைக்குப் போங்கள் என்று பேப்பரில் யோசனை போடுகிறார்கள். எங்களுக்கு இருப்பதே ஒரு அறை, எங்கே நின்றாலும் நடுதான்.

எண்பத்தொன்பதில் இதே மாதிரி வந்தது ஞாபகம் இருக்கிறதா? நாங்களெல்லாம் நடுக்கதவுக்கு ஓடிவந்தோம். வானம் கறுத்து ஓடு பறக்கிறது, நீங்கள் வழியை மறித்து, "எல்லாரும் காலக் கழுவிட்டு வாங்க" என்றீர்கள். உங்கள் வீட்டம்மா ஞானசௌந்தரி டீச்சர்தான், "காத்து காலக் கழுவிட்டா வருது? தள்ளுங்க நீங்க" என்று உங்களை நகர்த்தினார். மாடிப்படிக்கு அடியில் உட்காரவைத்து, தலையில் அடிபடாமலிருக்க ஆளுக்கொரு பாத்திரம் கவிழ்த்தார். அம்மாவுக்கு இட்லிப் பானை, உங்களுக்கு அண்டா. அண்டாவுக்குள் நீங்கள் ஜெபம் செய்தது கிணற்றுக்குள்ளிருந்து கேட்ட மாதிரி இருந்தது. கேசவன் அண்ணன், "சார், இன்னா சொல்றீங்கன்னு ஆண்டவருக்கே புரியாது, கொஞ்சம் தூக்கிக்கினு சொல்லுங்க" என்றார். டீச்சர் சிரித்த சிரிப்பில் காற்று போனதே தெரியவில்லை. பாத்திரத்துக்குள் யார் ஓனர், யார் குடித்தனக்காரர் என்றும் தெரியவில்லை. அப்புறம் உங்கள் வீட்டுக் கப்பிலேயே எல்லோருக்கும் டீ. டீச்சர் இருந்தவரை அந்தக் கதவு பகலில் திறந்துதான் கிடந்தது. அவர் கர்த்தரிடம் போனார், பூட்டு வந்தது.

ஆகவே கண்டிப்பாகச் சொல்கிறேன். மழைக்கு முன் எங்கள் போர்ஷனுக்குக் காங்கிரீட் போடுங்கள். இல்லையென்றால் மாதக் கடைசியில் காலி செய்கிறோம்.

மகனையும் மருமகளையும் அம்மா விசாரித்ததாகச் சொல்லவும். பேரனுக்கு எங்கள் ஆசீர்வாதம்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
அசரியா

பி.கு.: காலி செய்வது பற்றி எழுதியதை அடித்துவிடவும். அம்மா படித்துவிட்டு, "பொய் எழுதாதடா" என்கிறாள். பூட்டைச் சனிக்கிழமை சாயங்காலமே உடைத்தாயிற்று. அந்த அம்மிக்கல்தான். தூக்கினது நான், எங்கே அடிக்க வேண்டும் என்று காட்டினது அம்மா. இதை உங்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்து எழுதுகிறேன். அம்மா மாடிப்படிக்கு அடியில் பாய் விரித்துவிட்டாள். காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தோம்.