கேப்டன் டோர்வாலின் ஊதா மேலங்கி

ஏரியின் மேலிருந்து வாடை இறங்கிவிட்டது. மேப்பிள் மரங்கள் தம் பொன்னையும் செம்பையும் மண்ணுக்கு ஈந்துவிட்டு, வெறுங்கிளைகளை விண்ணை நோக்கி ஏந்தி நின்றன. உருக்கி வார்த்த ஈயம்போல் வானம் தாழ்ந்து கிடந்தது. சோளக் கொல்லைகளில் அறுத்த தாள் மட்டும் எஞ்சியிருக்க, காக்கைகளும் குரலடக்கியே கரைந்தன. கொடுக்க வேண்டியதையெல்லாம் கொடுத்து முடித்த ஆண்டு, வரவேண்டிய ஒருவருக்காக வாய்பொத்திக் காத்திருந்தது. மறுநாள், கிறிஸ்துமஸை எதிர்நோக்கும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு.

ஆண்டுக்கிருந்த அந்தப் பொறுமை, புனித ப்ரோகோப் ஆலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் நடந்த பழம்பொம்மைக் கண்காட்சியில், பதினான்காம் மேசையருகே நின்ற நார்பர்ட் ஹ்ரூபிக்கு இல்லை. பெட்டியைத் திறந்து மெல்லிய காகிதத்தைப் பிரித்தவர், பிரித்தபடியே நின்றார்.

உள்ளே இருந்திருக்க வேண்டியது கேப்டன் டோர்வாலின் ஊதா மேலங்கி. இருந்ததோ, லேஸ் விளிம்பும் பொற்சரிகையும் பூண்ட வேறோர் ஊதா அங்கி. மேலே ஆலயத்தின் பக்க மாடத்தில் எழுந்தருளியிருக்கும் ஒன்பது அங்குலக் குழந்தை இயேசுவுக்கு, காலத்துக்கொரு நிறமாகச் சாத்தும் அங்கிகளில், திருவருகைக் காலத்துக்குரியது.

கேப்டன் டோர்வால் எட்டு அங்குல உயரமுள்ள விண்வெளி வீரர், பொம்மைதான். ஆனால் அடி முதல் முடி வரை அவருக்குரிய அணிகளை முறைப்படி சேர்ப்பது நார்பர்ட்டுக்குத் தவம். வார நாள்களில் பள்ளிப் பேருந்துகளுக்கு எஞ்சின் பழுது பார்க்கும் அவர், வெள்ளி பூட்ஸுக்கு ஆறு ஆண்டுகளும், வலக்கையுறைக்குப் பதினொரு ஆண்டுகளும் காத்திருந்தவர். ஊதா மேலங்கி சென்ற வசந்தத்தில்தான் அரிசோனாவிலிருந்து வந்துசேர்ந்தது. இன்று இரண்டு மணிக்கு 'முழு அணி' போட்டி. ஒன்பது ஆண்டுகளாக நீல ரிப்பனை வென்றுவரும் ராட்னி க்ராலை வீழ்த்த வேண்டிய நாள்.

நார்பர்ட் மனைவிக்குப் போன் செய்தார்.

"மார்லீன், இஸ்திரி மேசையில என் மேலங்கி இருந்துச்சே, என்ன பண்ணினே?"

"ஊதாத் துணி ரெண்டு கிடந்துச்சு. ஒண்ணை உன் பெட்டியில வெச்சேன். இன்னொண்ணைக் காலைல கொண்டுபோய் குழந்தை இயேசுவுக்குப் போட்டுட்டேன்."

"மாத்திப் போட்டுட்டேடி!"

"லேஸைக் காணோமேன்னு நானும் பார்த்தேன். சரி, இந்த வருஷம் சிக்கனமா இருக்கார்போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

"ரெண்டு மணிக்கு நடுவர் வந்துடுவார்!"

"அப்ப ஓடு, என்கிட்ட ஏன் கத்துறே? நாலரைக்குப் பூசை. அதுக்குள்ள அவர் துணி அவருக்கு வந்தாகணும்."

கேப்டனை வெறுந்தோளுடன் விட்டுச் செல்ல நார்பர்ட்டுக்கு மனம் வரவில்லை. சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு, குழந்தை இயேசுவின் அங்கியை எடுத்துக் கேப்டனுக்குப் போர்த்தினார். கழுத்துப் பொத்தான் 'டிக்' என்று பூட்டிக்கொண்டது. அளவெடுத்துத் தைத்தாற்போன்ற அந்தப் பொருத்தத்தை வியக்க அவருக்கு நேரமில்லை.

பக்கத்து மேசையிலிருந்து ராட்னி எட்டிப் பார்த்தார். "என்ன நார்பர்ட், உன் ஆளு பூசை வைக்கக் கிளம்பிட்டாரா?"

"அலங்காரம் இன்னும் முடியல. நீ உன் மேசையைப் பாரு."

"நல்லாவே பார்ப்பேன். நீ பக்கத்துல இருந்தா ரெண்டு கண்ணாலயும் பார்ப்பேன்."

இது ஐம்பதாண்டுப் பகை. இருவரும் இந்தப் பங்குப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படித்தபோது, நார்பர்ட்டின் கேப்டனுடைய ஊதா மேலங்கி ஒருநாள் காணாமல் போயிற்று. ஒன்றரை மாதம் கழித்து, ராட்னியின் சதுப்பு மன்னன் பொம்மையுடைய பச்சை மேலங்கியும் மறைந்தது. அவன்தான் திருடினான் என்று இவனும், இவன்தான் என்று அவனும் அன்று முடிவு கட்டியதை இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை.

நார்பர்ட் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஏறினார்.

மாடத்தின் முன்னால் லுட்மிலா அத்தை செபமாலையுடன் முழந்தாளிட்டிருந்தார். பீடத் துணிகளை நாற்பது ஆண்டுகள் பராமரித்துவிட்டு மார்லீனிடம் ஒப்படைத்தவர். எண்பதைக் கடந்தும் அவர் கண்ணுக்குத் தூசி தப்பாது.

"வாடா நார்பர்ட். முட்டி போடு. செபமாலையில இன்னும் மூணு பத்து பாக்கி இருக்கு."

"இல்ல அத்தை, கொஞ்சம் அவசரமா..."

"கடவுள்கிட்டயா அவசரம்? போடு முட்டி."

மூன்று பத்தும் முடியும்போது இரண்டடிக்க ஐந்து நிமிடம். அத்தை கண்மூடிய நேரம் பார்த்து நார்பர்ட் மாடத்துக்குள் கைநீட்டி, பொத்தானைக் கழற்றி, மேலங்கியை உருவிப் பையில் செருகினார்.

"குளிருமேடா அவருக்கு," என்றார் அத்தை, கண்ணைத் திறக்காமலே.

"மார்லீன் துணியை மாத்திப் போட்டுட்டா அத்தை. சரியானதைக் கொண்டுவரத்தான்..."

"சரியானது எங்கே இருக்கு?"

"கீழே. இஸ்திரி... ஆகிக்கிட்டிருக்கு." பொய் சொன்ன வாய் குழறியது. விண்ணவர் வேந்தரை அப்படியே விடலாகாது என்று தம் ஆரஞ்சு நிறக் கம்பளிக் கழுத்துத் துண்டை அவிழ்த்து, திருமேனியைச் சுற்றினார். மாடத்தில் இப்போது மூக்கு மட்டும் தெரிந்தது.

"பொம்மைக் கூட்டத்துல யாருடா இஸ்திரி போடுறது? நானும் வந்து பார்க்கிறேன்," என்று அத்தை எழுந்தார்.

நார்பர்ட் கீழே வந்து சேர்ந்தபோது காலம் கடந்திருந்தது. டொலீடோ நகரிலிருந்து வந்த நடுவர் கர்ட்டிஸ் ஆம்ப்ளின், பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து, பதினான்காம் மேசைமேல் குனிந்திருந்தார். கேப்டனின் துப்பாக்கியைத் தண்ணீர்க் கோப்பையில் இட்டுப் பார்த்தாயிற்று. நகல் மூழ்கும், அசல் மிதக்கும். அது மிதந்துகொண்டிருந்தது.

"மேலங்கிக்கு லேஸும் சரிகையும் யாரோ பின்னால வெச்சுத் தைச்சிருக்காங்க," என்றார் நடுவர். "ஆனா துணி அசல். பொத்தான் அசல். பொம்மை வெளிவந்த முதல் வருஷத்துத் தையல். உள்பக்கம் மையில ரெண்டு எழுத்து மங்கலா இருக்கு. தொழிற்சாலைக்காரங்க போட்ட குறியா இருக்கும். இருபது வருஷமா நடுவரா இருக்கேன், இப்படி ஒண்ணைக் கையில தொட்டதில்ல. ரிப்பன் மிஸ்டர் ஹ்ரூபிக்கு!"

கைதட்டல் கூரையை முட்டியது. நீல ரிப்பன் நார்பர்ட்டின் கைக்கு வந்தது. ஒன்பது ஆண்டுகள் கனவில் கண்ட நிறம். பேசாமல் இருந்தால் போதும். ஆனால் படிக்கட்டுக்கு மேலே, ஆரஞ்சுத் துண்டுக்குள் குளிரில் நிற்பவரை நினைத்தார்.

"நடுவர் ஐயா, இந்த அங்கி என்னுது இல்ல. மேலே இருக்கிற குழந்தை இயேசுவோடது. துணி மாறிப்போச்சு. என்னுது இதுதான்." பையிலிருந்து அரிசோனா மேலங்கியை எடுத்து நீட்டினார்.

நடுவர் அதைப் பார்த்தார்; திருப்பிப் பார்த்தார்; வருத்தத்துடன் கண்ணாடியை இறக்கினார். "இது நகல் மிஸ்டர் ஹ்ரூபி. தைச்சு ரெண்டு வருஷம்கூட ஆகியிருக்காது."

நடுவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"காட்டுற பொருள் காட்டுறவருக்கே சொந்தமா இருக்கணும். அது நம்ம விதி," என்றார் நடுவர் மெதுவாக. ரிப்பன் நார்பர்ட்டின் கையிலிருந்து கழன்று, ராட்னியின் மேசையை நோக்கி நகர்ந்தது.

"ஐம்பது வருஷம் கழிச்சுத் திருடன் தானா ஒத்துக்கிட்டான்," என்றார் ராட்னி. "அதுவும் யார்கிட்ட திருடியிருக்கான் பாருங்க!"

"வாயை மூடுடா ராட்னி!"

இப்படி அதட்டிக்கொண்டே, உணவு மேசையில் வாங்கிய உருளைக்கிழங்கு அடைத் தட்டுடன் லுட்மிலா அத்தை கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"அது அவனுதுதான். இவங்க ரெண்டாம் வகுப்புல இருந்த வருஷம், திருவருகைக்கு முந்தின நாள், குழந்தை இயேசுவோட ஊதா அங்கியை நான் இஸ்திரியில கருக்கிட்டேன். கடையெல்லாம் பூட்டியாச்சு. அழுதுக்கிட்டே கோயிலுக்கு வந்தா, மூணாவது பெஞ்சில ஒரு பொம்மை கிடக்குது, ஊதா அங்கியோட! லேஸ் வெச்சேன், சரிகை வெச்சேன், சாத்திட்டேன். நான் எடுத்தேன்னு சொல்லாதீங்க. அவர் எடுத்துக்கிட்டார். அந்த ரெண்டு எழுத்து, இவன் பேரோட முதலெழுத்துகள், இவன் அம்மா போட்டது."

நார்பர்ட் துணியின் உட்புறத்தைப் புரட்டினார். தாயின் சாய்ந்த கையெழுத்து அவரைப் பார்த்தது.

"அத்தை... அந்த வருஷம் நான் தினமும் அவர் முன்னாடி முட்டி போட்டு, என் மேலங்கியைக் காட்டுன்னு அழுதேனே!"

"ஆமா. அவரும் காட்டிக்கிட்டேதான் இருந்தார். நீதான் நிமிர்ந்து பார்க்கல."

நடுவர் முதலில் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பு கைதட்டலாயிற்று. நீல ரிப்பன் வந்த வழியே திரும்பி, நார்பர்ட்டின் சட்டைப்பையின் மேல் குத்தப்பட்டது. மார்லீன் எங்கிருந்தோ ஓடிவந்து கணவரின் இரு கன்னத்திலும் முத்தமிட்டு, "மாத்திப் போட்டது யாரு?" என்று கேட்டுப் புகழில் தன் பங்கைப் பெற்றுக்கொண்டாள்.

ராட்னி ஒருவர்தான் சிரிக்கவில்லை. "அப்ப என் பச்சை மேலங்கியை எடுத்தது யாரு?" என்றார்.

அத்தையின் கவனம் முழுவதும் தட்டுக்குப் போய்விட்டது. "அடை இன்னைக்கு நல்லா முறுகலா வந்திருக்கு," என்றார்.

நான்கு மணிக்கு ஆலயம் வெறுமையாக இருந்தது. நார்பர்ட் மாடத்தின் முன் நின்று ஆரஞ்சுத் துண்டை அவிழ்த்தார். ஐம்பது ஆண்டு தேடி அடைந்த மேலங்கியை இரு கைகளாலும் ஏந்தி, குழந்தை இயேசுவின் தோளில் சாத்தினார், கழுத்துப் பொத்தானை இட்டார், மடிப்புகளை நீவிவிட்டார். மெழுகுவர்த்தியின் ஒளியில் ஊதா கனிந்தது. பின் முழந்தாளிட்டுத் தலைகுனிந்தார். வாழ்நாளில் முதன்முறையாக அவரிடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

பின்னால் கைத்தடி ஓசை கேட்டது. லுட்மிலா அத்தை குனிந்து, அவர் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்தார்.

"ஜனவரியில போடுற பச்சை அங்கி ராட்னியோடது," என்றார் அத்தை. "அதுவரைக்கும் வாயைத் திறக்காதே. ஆண்டவர் உங்க ரெண்டு பேரையும் ஆசீர்வதிப்பாராக."