டிராகனைக் கொல்ல அனுமதி கோரி

ஓர் அலுவலகம் என்று இருந்தால் அதில் தபால் பிரிவு என்று ஒன்று இருக்கும். தபால் பிரிவு இருந்தால் ஒரு கண்ணாடி ஜன்னலும், அதன் பின்னால் ஓர் எழுத்தரும் இருப்பார்கள். நமது எழுத்தர் பத்தொன்பது வருஷமாக அப்படி இருந்து வந்தார். வருகிற காகிதத்தில் தேதி முத்திரை குத்துவது, எண் போடுவது, ஒரு காகிதம் குறைகிறது என்று சொல்லித் திருப்பி அனுப்புவது ஆகிய மூன்று பணிகள் அவர் வசம் ஒப்படைக்கப்பட்டிருந்தன. மூன்றாவது பணியில் அவரை அடித்துக்கொள்ள அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது.

ஆனால் இதெல்லாம் அவருக்கு உபதொழில்தான். உண்மையான வாழ்க்கை அவருடைய போனுக்குள் நடந்துகொண்டிருந்தது. 'ஏழு கோட்டை' என்று ஒரு இணைய விளையாட்டு. உலகத்தின் பல மூலைகளிலிருந்து லட்சக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் அதற்குள் நுழைந்து, படை சேர்த்து, பூதங்களை வெட்டிச் சாய்ப்பார்கள். அதில் எழுத்தருக்குப் பெயர் இடிவாளன். ஆறரை அடி உயரம். தொந்தி இல்லை, இடுப்பு வலி இல்லை, மேலதிகாரி இல்லை. நாலு வருஷம் பாடுபட்டுச் சம்பாதித்த ஒரு நீலவாள் உண்டு. அதை உருவினால் திரை முழுக்க மின்னும். அவர் மனசும் கூடவே மின்னும்.

அந்த உலகத்தில் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை சாம்பல் டிராகன் வரும். ஒரே ஒரு பிற்பகல்தான் இருக்கும். அதற்குள் அதைக் கொன்றவன் பெயரைக் கோட்டை வாசலில் கல்லில் பொறிப்பார்கள். போன தடவை எழுத்தர் கடைசி வெட்டு வெட்ட வாளை ஓங்கியபோது வீட்டில் மின்சாரம் போய்விட்டது. இணையமும் சேர்ந்து போயிற்று. மின்சாரம் திரும்பி வந்தபோது டிராகனை எவனோ கொன்று முடித்து, பெயரையும் செதுக்கி முடித்திருந்தான். எழுத்தர் ரெண்டு நாள் சாப்பிடவில்லை. காரணம் கேட்ட மனைவியிடம் வயிறு சரியில்லை என்று சொன்னார். சொல்லியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கப் போகிறது? இந்தத் தடவை விடக்கூடாது என்று மூன்று வருஷமாக நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

இப்படி இருக்கையில், அவருடைய படையில் ஒரு சிக்கல் முளைத்தது. படையில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். தலைவி ஒரு பல் டாக்டர். அடுத்தவர் வாய்க்குள் கை விட்டுப் பழகியவர் என்பதால் யாரும் அவரிடம் வாய் கொடுப்பதில்லை. அப்படிப்பட்டவராலேயே ஆயுதக் கிடங்கைக் கட்டிக்காக்க முடியவில்லை. வாள் எடுத்தவன் திருப்பி வைப்பதில்லை. வில் எடுத்தவன் எடுக்கவே இல்லை என்று சாதித்தான். பல் டாக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

எழுத்தர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. "ஒரு பதிவேடு போட்டா சரியாயிடும் டாக்டர்" என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலமே அவர் படையின் செயலாளர் ஆக்கப்பட்டார். மறுநாள் முதல் படிவம் வெளிவந்தது: வாள் பெற விரும்புவோர் விண்ணப்பம், மூன்று பிரதிகளில். அடுத்த வாரத்துக்குள் நாற்பத்திரண்டு விதிகள் ஆகிவிட்டன. விதி ஏழின்படி, புது வாள் கேட்பவர் பழைய வாளை ஒப்படைத்ததற்கான ரசீதைக் காட்ட வேண்டும். விதி பன்னிரண்டின்படி, செயலாளர் நடுநிலை வகிக்கும் பொருட்டு ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. விதி பதிமூன்றின்படி, எந்தச் செயலாளரும் நூறு நாளுக்கு மேல் பதவியில் நீடிக்கக் கூடாது. ஒரு தடியன் கோட்டைக்குள் குளிர் காய்ந்து கூடாரத்தைக் கொளுத்திவிட்டதால் விதி முப்பத்தொன்று சேர்க்கப்பட்டது: கோட்டை எல்லைக்குள் தீ மூட்ட விரும்புவோர் முன் அனுமதி பெற வேண்டும்.

விதி பன்னிரண்டை எழுதியவரே மீறினால் நன்றாகவா இருக்கும்? எழுத்தர் தன் நீலவாளைக் கழற்றி, தன்னிடமே ஒப்படைத்து, தானே பெற்றுக்கொண்டு, தனக்குப் பின்னாலிருந்த சுவரில் தொங்கவிட்டார். டிராகன் வருவதற்கு இருபது நாள் முன்னதாகவே நூறு நாள் முடிந்துவிடும்; அப்புறம் எடுத்துக்கொண்டால் போயிற்று என்று கணக்குப் போட்டார். தனக்குத் தானே ரசீது போட்டுக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

இதைக் கேட்டதும் மனைவி சிரித்தார். அவர் ஒரு துணிக்கடையில் அளவெடுக்கும் வேலை பார்ப்பவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"ஏங்க, பகல் பூரா ஜன்னலுக்குப் பின்னாடி உக்காந்திருக்கோமேன்னுதானே அந்த விளையாட்டுக்குள்ள போனீங்க? அங்கயும் போய் ஜன்னல் கட்டிட்டு உக்காந்தா எப்படி?"

இது நிர்வாகம், உனக்குப் புரியாது என்று எழுத்தர் சொன்னார். எனக்குப் புரியாதது நல்லதுதான் என்று மனைவி சொல்லிவிட்டு அளவு நாடாவைச் சுருட்டினார்.

நிர்வாகம் பற்றிக்கொண்டது. பக்கத்துப் படைகள் வாயைப் பிளந்து பார்த்தன. பிறகு அவையும் படிவம் அச்சிட்டன. விளையாட்டை நடத்தும் நிறுவனத்துக்கு மூக்கில் வேர்த்தது. அடுத்த மாதமே புதிய பதிப்பு வந்தது. அதில் ஏழு கோட்டைகளிலும் ஜன்னல், ஜன்னலுக்கு முன்னால் வரிசை, வரிசைக்கு டோக்கன். எந்தப் படைக்காரரும் எந்த ஜன்னலிலும் மனுக் கொடுக்கலாம். மனிதர், பூதம், பேய், மிருகம் என்ற பேதமின்றி அனைவரும் விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று அறிவித்தார்கள். ஜனங்கள் எரிச்சலடைவார்கள் என்று நினைத்தால் நடந்ததே வேறு. சண்டை போடுவது பழைய மோஸ்தர் ஆகிவிட்டது. வரிசையில் நிற்பதுதான் நாகரிகம் ஆயிற்று. நாலாயிரத்துக்கு மேல் டோக்கன் எண் வைத்திருப்பவனைக் கண்டால் மற்றவர்கள் வழிவிட்டார்கள். 'என் மனு பரிசீலனையில் உள்ளது' என்று நெஞ்சில் எழுதிய பனியன்கள் நிஜத் தெருக்களில் நடமாடின. எழுத்தரின் மனைவி வேலை பார்த்த கடையிலேயே ஒரு வாரத்தில் அறுபது விற்றது.

அலுவலகத்திலும் இதன் பலன் தெரிந்தது. முன்பெல்லாம் எழுத்தரின் ஜன்னலுக்கு முன்னால் நிற்பவர்கள் சத்தம் போடுவார்கள், முனகுவார்கள், மேலே புகார் செய்வேன் என்பார்கள். இப்போது எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் போனில் வேறொரு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். கண்காணிப்பாளர் அந்தப் பக்கம் வந்து பார்த்துவிட்டு அசந்துபோனார். பொதுமக்களிடையே பொறுமையை வளர்த்தெடுத்தமைக்காக எழுத்தருக்கு ஒரு பாராட்டுக் குறிப்பு பிறப்பித்தார். அதைப் பெற்றுக்கொண்டதற்கு எழுத்தர் ரசீது கொடுத்தார்.

அந்த வரிசையில் ஒரு தச்சர் இருந்தார். பதினொரு மாதமாக வருகிறவர். அவருடைய பட்டறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். பழைய உரிமத்தை ஒப்படைத்தால்தான் புதியது கிடைக்கும் என்றார்கள், ஒப்படைத்தார். ஒப்படைத்ததற்கான ரசீதைக் கேட்டார்கள். அன்று ரசீதுப் புத்தகம் தீர்ந்துபோயிருந்ததால் யாரும் கொடுக்கவில்லை. இடையில் புதிய உரிமமும் தயாராகி, எழுத்தருக்குப் பின்னாலிருந்த பச்சை அலமாரியில், இரண்டாவது தட்டில், பழையதோடு சேர்த்துக் கட்டி வைக்கப்பட்டிருந்தது. ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். நாலு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம்.

"அதோ தெரியுதே சார்" என்பார் தச்சர்.

"தெரியுது. ரசீது இல்லையே" என்பார் எழுத்தர்.

உரிமம் இல்லாததால் பட்டறைக்குப் பூட்டு. ரம்பம் பதினொரு மாதமாகச் சுற்றவில்லை. தச்சர் மச்சான் வீட்டுத் திண்பண்டக் கடையில் பொட்டலம் கட்டிக் காலம் தள்ளினார். ஆரம்பத்தில் அவர் எழுத்தரின் தலைக்குப் பின்னால் அலமாரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுத்தரின் கையிலிருந்த போனைப் பார்க்க ஆரம்பித்தார். அது என்ன விளையாட்டு என்று வரிசையில் பின்னால் நின்றவரைக் கேட்டார். எழுத்தருக்கு இது எதுவும் தெரியாது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நடப்பதைத் தெரிந்துகொள்வது அவருடைய பணிகளில் சேராது.

நூறு நாள் முடிந்தது. புதிய செயலாளரைத் தேர்ந்தெடுக்கப் பல் டாக்டர் தேர்வு வைத்தார். கேள்விகள் அத்தனையும் நாற்பத்திரண்டு விதிகளிலிருந்து. உளியன் என்று ஒருவர் நூற்றுக்கு நூறு வாங்கினார். எந்தக் காகிதத்துக்கு எந்தக் காகிதம் குறையும் என்பதை அவர் அனுபவித்து எழுதியிருப்பதாகப் பல் டாக்டர் மெச்சினார். விடைபெற்ற எழுத்தர், உடனே வாளுக்கு விண்ணப்பம் எழுதி, மூன்று பிரதி எடுத்து, டோக்கன் வாங்கி வரிசையில் நின்றார். எண் இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு.

அவருடைய முறை வந்தது டிராகன் வரும் வெள்ளிக்கிழமையன்று, பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு. டிராகன் சரியாக மூன்று மணிக்கு வரும். எழுத்தர் அலுவலகத்தில்தான் இருந்தார். மேஜைமேல் 'சிறிது நேரத்தில் வருவார்' என்ற பலகையை வைத்துவிட்டு, அதன் பின்னாலேயே உட்கார்ந்து போனில் தட்டினார். வாளைக் கேட்டார். பழைய வாளை ஒப்படைத்த ரசீது எங்கே என்று உளியன் கேட்டார்.

நீலவாள் உளியனின் தலைக்குப் பின்னால் சுவரில் மின்னிக்கொண்டிருந்தது. 'அதோ தெரிகிறதே' என்று எழுத்தர் எழுதி அனுப்பினார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு போன் 'டிங்' என்றது.

எழுத்தர் நிமிர்ந்தார். வரிசையின் முதல் ஆளாக நின்ற தச்சரும் போனிலிருந்து நிமிர்ந்தார். ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினொரு மாதத்தில் எழுத்தர் தச்சரின் முகத்தை முழுசாகப் பார்த்தது அப்போதுதான்.

"இடிவாளன் சார்?" என்றார் தச்சர்.

"நீங்களா உளியன்?"

"ஆமா சார். வாள் தெரியுது. ரசீது இல்லையே."

தனக்கு மட்டும் சொந்தம் என்று எழுத்தர் நினைத்திருந்த வார்த்தைகள் அவை. மணி இரண்டு நாற்பத்தாறு. அவர் அலமாரியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கல்லில் பொறிக்கப்படப் போகும் தன் பெயரை நினைத்தார். பத்தொன்பது வருஷத்தில் செய்யாத காரியத்தைச் செய்தார். எழுந்தார். நாலு எட்டு நடந்தார். உரிமத்தை எடுத்துத் தூசி தட்டி, ஜன்னலின் அரைவட்ட ஓட்டை வழியாக வெளியே தள்ளினார்.

தச்சர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். தன் பெயரை விரலால் தடவினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எழுத்தருக்கும் உள்ளுக்குள் என்னவோ செய்தது. ஒரு மனுஷனுக்கு நல்லது செய்வது இவ்வளவு சுலபமா என்று ஒரு நிமிஷம் திகைத்து நின்றார்.

"சரி, வாளைக் குடுங்க" என்றார்.

"அது எப்படி சார்?" தச்சர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "இது ஆபீஸ் விஷயம், அது படை விஷயம். ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. நீங்க எழுதின விதி ஏழு. நான் பதவிக்கு வந்து இருபது நாள்தான் ஆகுது. இப்பவே விதியை மீறினா என்னை யார் மதிப்பாங்க?"

"உரிமத்தை நான் குடுத்தேன்ல?"

"குடுத்தீங்க. ரசீது பார்க்காம குடுத்தீங்க. அதைப் பத்தி நான் வெளிய ஒரு வார்த்தை பேச மாட்டேன் சார்."

வரிசையில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். நேர்மையான ஆள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. இதற்குள் மணி மூன்றாகிவிட்டது.

டிராகன் வந்தது. வானத்திலிருந்து இறங்கி, சிறகை மடக்கிக்கொண்டு, முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த டோக்கனோடு நேராக உளியனின் ஜன்னலுக்கு வந்தது. கோட்டையைக் கொளுத்த விதி முப்பத்தொன்றின்படி அனுமதி கோரி விண்ணப்பம், மூன்று பிரதி, இணைப்புகள் ஐந்து. தச்சர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஒப்பமிட்டார்.

எழுத்தர் கண்ணாடியில் ரெண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். "ஐயா, மறுத்திருக்கலாமே."

"எதைச் சொல்லி மறுக்கிறது சார்? எல்லா காகிதமும் இருந்துச்சு. இத்தனை நாள்ல ஒரு குறையும் இல்லாம வந்த முதல் மனு இதுதான்."

படை முழுவதும் வாளுக்கு விண்ணப்பித்து வரிசையில் நின்ற நிலையில், கோட்டை முறைப்படி எரிந்தது. ஆயுதக் கிடங்கு உருகியது. நீலவாள் ஒரு தடவை மின்னிவிட்டு அணைந்தது. எழுத்தர் வாய் விட்டு அழுதார். சாம்பலுக்கு நடுவில் ஜன்னலும் வரிசையும் மட்டும் அப்படியே நின்றன. எவரும் வரிசையை விட்டு நகராதது குறித்துப் பல் டாக்டர் பெருமிதம் தெரிவித்துச் சுற்றறிக்கை விட்டார். கோட்டை வாசல் கல்லில் டிராகனின் மனு எண் பொறிக்கப்பட்டது.

சனி, ஞாயிறு ரெண்டு நாளும் எழுத்தர் சாப்பிடவில்லை. திங்கட்கிழமை காலையில் ஜன்னலைத் திறந்தால் வரிசையின் முதல் ஆளாகத் தச்சர் நின்றார். பட்டறையைத் திறக்கவில்லையா என்று எழுத்தர் கேட்டார்.

"திறந்தேன் சார். ரம்பத்தை ஓட்டினா போனைப் பார்க்க முடியல. அங்க என் ஜன்னல்ல ஆறாயிரம் பேர் நிக்கிறாங்க." தச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதோட, ரசீது இல்லாம வாங்கிட்டேன்னு மனசு உறுத்துது. இந்தாங்க, திருப்பி ஒப்படைச்சிடறேன். முறைப்படியே வாங்கிக்கிறேன்."

உரிமம் அரைவட்ட ஓட்டை வழியாக உள்ளே வந்தது. பத்தொன்பது வருஷத்தில் எழுத்தருடைய வேலையின் அருமையைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் இவர்தான். உரிமத்தை மரியாதையோடு பச்சை அலமாரியில், இரண்டாவது தட்டில் வைத்துப் பூட்டினார். வந்து உட்கார்ந்து இழுப்பறையைத் திறந்து பார்த்தார்.

"ரசீதுப் புத்தகம் இன்னும் வரல" என்றார். "நாளைக்கு வாங்க."

"வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டு, தச்சர் வரிசையின் கடைசிக்குப் போய் நின்று போனை எடுத்தார்.