திருநகர் மதினிக்குச் சொன்ன எடை

பகுத்தறிவு என்பது கொழுகொழுவென்று குழந்தை பெற்றவர்களுக்கு மட்டும் வாய்க்கும் சௌகரியம் என்று நான் நம்புகிறேன். மூன்று கிலோவுக்கு மேல் எடையோடு பிறந்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, மூடநம்பிக்கைகளை எதிர்த்து யார் வேண்டுமானாலும் பேசலாம். இரண்டு கிலோவைத் தொடாத ஒன்றைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் அதே குரலில் பேச முடிகிறதா என்பதுதான் கேள்வி. என்னால் முடியவில்லை. (நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தெரியவந்தால் இன்னும் கேவலமாக இருக்கும்.)

எங்கள் மகள் கயல், வரவேண்டிய காலத்துக்கு வெகு முன்னதாகவே வந்துவிட்டவள். கண்ணாடிப் பெட்டிக்குள்ளும், பிறகு மூக்கு வழியே பால் செலுத்தும் மெல்லிய குழாயோடும் சில வாரங்கள் மருத்துவமனையில் இருந்துவிட்டு, கோச்சடையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: “இனிமே இவளுக்கு ஒரே வேலைதான் மேடம். குடிக்கணும், எடை ஏறணும். அடுத்த வாரம் நிறுத்துப் பாப்பேன். ஏறலைன்னா மறுபடி அட்மிட் பண்ணி டியூப் போட வேண்டியிருக்கும்.”

அந்தக் குழாயை ஒட்டிவைத்திருந்த பிளாஸ்திரியின் தடம் அப்போதும் அவள் கன்னத்தில் சிவந்து கிடந்தது. இனி அது இந்தக் கன்னத்தைத் தொடாது என்று நான் முடிவு செய்தேன். என் வாழ்வில் அதற்கு முன்னும் பின்னும் அத்தனை உறுதியாக எதையும் முடிவு செய்ததில்லை.

நாளொன்றுக்கு முப்பது கிராமாவது ஏறினால் நல்லது என்பது கணக்கு. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் கணவர் கதிருக்கு, கையில் பிடித்துப் பார்க்க முடியாத எந்த எண்ணும் மண்டையில் ஏறாது. “முப்பது கிராம்னா எம்புட்டு?” என்று கேட்டுவிட்டு, வாசலில் பூ விற்றுக்கொண்டு வந்தவரிடம் ஒரு முழம் மல்லிகை வாங்கி, அடுப்படித் தராசில் வைத்தார். முள் ஏறக்குறைய அங்கேதான் போய் நின்றது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கிராம் ஒழிந்தது. கயல் நாளொன்றுக்கு ஒரு முழம் ஏற வேண்டும்.

ஏறுவதற்குக் குடிக்க வேண்டும். குடிப்பதற்கு விழிக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். முன்கூட்டிப் பிறந்த குழந்தைகள் பசித்து அழும் என்று காத்திருக்கக் கூடாது. அழுவதற்குக்கூட அவர்களிடம் தெம்பு இருக்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நாம்தான் எழுப்ப வேண்டும். உள்ளங்காலைத் தேய்ப்பேன், ஈரத்துணியால் நெற்றியைத் தொடுவேன், காதைச் சுண்டுவேன். அவள் ஒரு கண்ணைத் திறந்து, ‘இதற்காகவா எழுப்பினாய்?’ என்பதுபோல் பார்த்துவிட்டு மூடிக்கொள்வாள். உறிஞ்சிக் குடித்துக் களைத்துப்போவதால், பாலை எடுத்துவைத்து, மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடையால் சொட்டுச் சொட்டாகப் புகட்டுவேன். புகட்டியதில் பாதி அவள் கழுத்து மடிப்புக்குப் போகும். நான் விடவில்லை. தூங்குகிறவர்களிடம் சளைக்காமல் பேசிக்கொண்டே இருப்பது எனக்குப் பழகிய தொழில்தானே.

என் மாமியாருக்கு, அதாவது அத்தைக்கு, இந்தப் போரில் வேறொரு படைப்பிரிவு. பிள்ளை எப்படி இருக்கிறது என்று வெளியாள் யார் கேட்டாலும், நன்றாக இருக்கிறது என்று சொல்லக் கூடாது. “சுமார்தான்”, “என்னத்த, கெடக்கு” என்று இழுக்க வேண்டும். எடையை வாய்விட்டுச் சொல்வது மகா பாவம். நல்லதைச் சொன்னால் கண் பட்டுவிடும்.

“அத்தை, வெளிச்சம் கண்ணுக்குள்ளதான் போகும். கண்ணுல இருந்து எதுவும் வெளிய வந்து பிள்ளையத் தாக்காது” என்று நான் பாடம் எடுத்தேன்.

“அப்ப நீ எதுக்குடி என்னைய இந்த முறை முறைக்கிற? முறைச்சா ஏதோ ஆகும்னுதான?” என்றார் அத்தை.

(நான் பாலாடையைக் கழுவப் போனேன்.)

அத்தையின் அச்சப் பட்டியலில் முதலிடம் திருநகர் மதினிக்கு. கதிரின் பெரியம்மா மகள். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். சிவப்பு நிறக் கார் ஒன்றைத் தாமே ஓட்டிக்கொண்டு, அழைக்காமலே எல்லார் வீட்டுக்கும் உதவிக்கு வருகிறவர். ஒரு முறை எங்கள் கொல்லை முருங்கையைப் பார்த்து, “ஆத்தீ, எம்புட்டுக் காய்!” என்றாராம். மறுநாள் மரம் சாய்ந்துவிட்டது. இந்தக் கதையை அத்தை சொல்லும்போதெல்லாம் நான் சிரித்திருக்கிறேன். பலமாக, படித்தவளுக்குரிய சிரிப்பு.

டாக்டர் சொன்ன வாரத்தின் நடுவில் ஒரு நாள் காலை, எவர்சில்வர் தாம்பாளத்தில் துணி விரித்து, அதில் கயலைக் கிடத்தி, அடுப்படித் தராசில் நிறுத்தோம். வீட்டுக்கு வந்ததிலிருந்து ஐந்து முழம் ஏறியிருந்தாள்! கதிர் தாம்பாளத்தைச் சுற்றிச் சின்னதாக ஒரு ஆட்டம் போட்டுவிட்டு வேலைக்குப் போனார். அந்தத் தராசின் பிழை ஒரு முழத்தைவிடப் பெரிது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று காலை நான் அதைத் தெய்வமாக நம்பினேன்.

பத்து மணி வாக்கில் வாசலில் சிவப்புக் கார் வந்து நின்றது.

மதினி கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, சொல்லாமலே அறை வாசலோடு நின்றுகொண்டார். நான் கயலை என் நெஞ்சோடு தோல் ஒட்டத் துணியால் கட்டிக்கொண்டு, பாலாடையும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்த முறை. உடம்புச் சூட்டில் குழந்தை தன் சக்தியைச் சேமிக்கும்.

“புள்ள எப்படிடி இருக்கு?” என்றார் மதினி.

உண்மையைச் சொல்வதற்காகத்தான் வாயைத் திறந்தேன். ஐந்து முழம் என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போது மனத்துக்குள் ஒரு முருங்கை மரம் மெல்லச் சாய்ந்தது.

“சுமார்தான் மதினி” என்றேன்.

பின்னால் நின்றிருந்த அத்தையின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என்னை அப்படிப் பெருமையாகப் பார்த்ததே இல்லை.

கூடத்தில் என் கைப்பேசி ஒலித்தது. என் இரு கைகளுக்கும் ஓய்வில்லாததால் மதினியே அதை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, வாசலிலிருந்தே கையை எட்டி நீட்டினார். மருத்துவமனையில் கயலைப் பார்த்துக்கொண்ட ரோஸி சிஸ்டர். வீட்டுக்குப் போன குழந்தைகளை வாரநடுவில் விசாரிப்பது அவர் பொறுப்பு.

“மேடம், பாப்பா எப்படி இருக்கா? எடை ஏறுதா?”

மதினியின் கண்கள் என்மேல் இருந்தன. பெரிய, அக்கறையான, இமைக்காத கண்கள்.

“ஏறல சிஸ்டர்” என்றேன்.

“ஏறவே இல்லையா?”

“கொஞ்சம் இறங்குன மாதிரிகூட...” (பொய்யில் பழக்கமில்லாதவர்களுக்கு அளவு தெரியாது, உப்பு போடத் தெரியாதவர்கள் குழம்பு வைப்பதுபோல.)

“பால் குடிக்கிறாளா?”

“தூங்கிக்கிட்டே இருக்கா.” இது ஒன்றுதான் உண்மை. இதுதான் காரியத்தைக் கெடுத்தது.

ரோஸி சிஸ்டரின் குரல் மாறிவிட்டது. “மேடம், இப்பவே கிளம்பி வாங்க. டாக்டர் இருக்காரு. நான் பெட் சொல்லி வைக்கிறேன். லேட் பண்ணாதீங்க.”

“மதினி, அது வந்து...” என்று நான் தொடங்குவதற்குள் கார் சாவி மதினி கைக்கு வந்துவிட்டது. “நீ ஒண்ணும் பேசாத. தைரியமா இரு. பத்திரமாக் கொண்டுபோய்ச் சேக்குறது என் பொறுப்பு.”

அத்தையை அடுப்படிக்கு இழுத்துப் போய், காதில், “உண்மையச் சொல்லிரவா?” என்று கேட்டேன்.

“இத்தனைக்கப்புறம் சொன்னா, ஆத்திரத்தோட பிள்ளையப் பாத்துருவா. சும்மா பாத்தாலே மரம் விழும். ஆத்திரத்துல பாத்தா?” என்றார் அத்தை. இயற்பியல் முதுகலைப் பட்டதாரியான நான் அந்த வாதத்தில் குறை காணாமல் பையைத் தூக்கிக்கொண்டேன்.

மதினியின் கார் இரண்டாவது கியருக்கு மேல் போனதாகச் சரித்திரம் இல்லை. காளவாசல் சந்திப்பை அடைவதற்குள் எங்களைச் சைக்கிள்கள் முந்திச் சென்றன. அத்தை பின்னிருக்கையில் மெல்ல அழத் தொடங்கியிருந்தார். மதினிக்காக நடிக்கிறாரோ என்று நினைத்தேன். என் காதருகே குனிந்து, “விளையாட்டுக்குக்கூட இறங்குச்சுன்னு சொல்லலாமாடி? சுமார்தான்னு மட்டும்தான சொல்லச் சொன்னேன். உன் வாயால சொல்லிட்டியே” என்றபோது, அது நடிப்பில்லை என்று தெரிந்தது.

அந்தக் கணத்தில் அந்தத் தராசின் பிழை நினைவுக்கு வந்தது. ஐந்து முழம் என்பது வெறும் முள்ளின் நடுக்கமாக இருந்தால்? நான் சொன்னதுதான் உண்மையாக இருந்தால்? காருக்குள்ளேயே பால் புகட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பால் சிந்தியது. கயல் கண் திறக்கவில்லை. நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தவளின் அந்தச் சின்ன முதுகு ஏறி இறங்குவதையே பார்த்தபடி, என் மகளே, என்னைப் பொய்யாக்கு என்று வேண்டிக்கொண்டேன். யாரிடம் வேண்டினேன் என்று என் மாணவர்கள் கேட்கக் கூடாது.

மருத்துவமனையில் எல்லாம் தயாராக இருந்தது. ரோஸி சிஸ்டர் தட்டில் பிளாஸ்திரியும் அந்த மெல்லிய குழாயும் வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குக் குரல் எங்கிருந்தோ உறுதியாக வந்தது.

“முதல்ல நிறுங்க. நிறுக்காம அதைத் தொடாதீங்க.”

ஆடை களைந்து, எடைக் கருவியில் கிடத்தினார்கள். குளிர் பட்டதும் கயல் கண்ணைத் திறந்து, கூரையைப் பார்த்து, நிதானமாகச் சிறுநீர் கழித்தாள். (எடை போடும் வேளையில்!) எண்கள் தாவின, தயங்கின, நின்றன.

ரோஸி சிஸ்டர் ஒரு முறை பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி கிடத்திப் பார்த்தார். டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“நல்லா ஏறியிருக்காளே! நான் கேட்டதுக்கு மேலயே இருக்கு. இறங்கிருச்சுன்னு யாரு சொன்னது?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையை ஆர்வமாகப் படித்தேன். ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அதற்குள் சேதி தெரிந்து அலுவலகத்திலிருந்து ஓடிவந்த கதிர், தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

“எப்படி இறங்கும்? காலைலதான நிறுத்தோம்? அஞ்சு முழம் ஏறியிருந்தாளேடி!”

“முழமா?” என்றார் டாக்டர்.

“பூ டாக்டர், மல்லிப்பூ” என்றார் கதிர், எல்லாம் விளங்கிவிடும் என்ற நம்பிக்கையோடு.

டாக்டர் சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மதினி மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றபடி என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். வங்கியில் எத்தனையோ பேரின் பொய்க் கையெழுத்தைக் கண்டுபிடித்தவர். எங்களைப் படிக்க அவருக்கு நேரம் ஆகவில்லை.

“எனக்குப் பயந்துதான சொன்ன? என் கண்ணுக்கு.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அத்தை சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்.

“அந்த முருங்கையக் கரையான் அரிச்சிருந்துச்சு” என்றார் மதினி, மிக மெதுவாக. “தூர்ல கைய வச்சாப் பொடிப்பொடியாக் கொட்டுச்சு. அதப் பாக்கத்தான் கிட்டப் போனேன். போற வழியில காய் நல்லாருக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னேன்.”

இயற்பியல் கற்பிக்கிறவள், ஒரு மரம் ஏன் விழுந்தது என்று இத்தனை ஆண்டுகளில் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. பலமாகச் சிரித்ததோடு சரி. அன்று பட்ட வெட்கத்தில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். பொய் சொன்ன வெட்கமெல்லாம் டாக்டர் சிரித்த சிரிப்பில் கரைந்துவிட்டது.

“மன்னிச்சிருங்க மதினி. வந்து பாருங்க” என்று கயலைத் தூக்கி அவர் பக்கம் திருப்பினேன்.

மதினி தடுப்பைச் சுற்றி வந்தார். சட்டென்று உள்ளங்கையால் தம் கண்களைப் பொத்திக்கொண்டார். “நான் பாக்கல. வாயால சொல்லுங்க, எம்புட்டு இருக்கா?”

அத்தைதான் முதலில் உடைந்தார். “அட, கைய எடு தாயி” என்று மதினியின் கையைப் பிடித்து இறக்கி, தாமே எடையைச் சொன்னார். உரக்க, கிராம் சுத்தமாக, வராந்தாவில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி.

டாக்டர் எங்களை வழியனுப்பும்போது, “பாப்பா சூப்பரா...” என்று ஆரம்பித்து, அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு, “சுமார்தான்” என்று முடித்தார். அவரும் இந்த ஊர்க்காரர்தான்.

அதன் பிறகு ஒவ்வொரு பரிசோதனைக்கும் எங்களை அழைத்துச் சென்றது அந்தச் சிவப்புக் கார்தான், அதே இரண்டாவது கியரில். அந்தக் குழாய் கயலின் கன்னத்தை மறுபடி தொடவே இல்லை. கயலை எழுப்பும் கலையில் மதினி என்னை மிஞ்சிவிட்டார். காதோரம் போய் வட்டிவிகிதங்களைச் சொல்வார், அவள் சிணுங்கிக்கொண்டு விழிப்பாள். அத்தை கொல்லையில் புதிதாக ஒரு முருங்கைக் கொப்பை நட்டார். குழிக்கு மண் தள்ளியவர் மதினி.

கயல் இப்போது பள்ளியின் எறிபந்து அணியில் இருக்கிறாள். என்னால் அவளைத் தூக்க முடியாது. போன வாரம் திருநகருக்குப் போயிருந்தோம். எங்களைக் கண்டதும் மதினி, வழக்கம்போல் வாசலிலேயே ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு கேட்டார்: “புள்ள எப்படி இருக்கு?”

ஏழு இட்லியையாவது முடித்துவிடும் ஆவலோடு நேராகச் சாப்பாட்டு மேசைக்கு நடந்தபடி, என் மகள் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, தனக்கு அத்தையான மதினியிடம் சொன்னாள்:

“சுமார்தான் அத்தை. கொஞ்சம் இறங்குன மாதிரிகூட இருக்கு. எதுக்கும் ஒரு பெட் சொல்லி வைங்க.”